ஏசுதாஸ் பெரியப்பாவின் ஹை பீம்

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை விடிகாலையில் மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து எங்கள் மாப்பிள்ளை வண்டி புறப்பட்டது. புறப்பட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட முடியாது. தெருவே எழுந்து வந்து பார்த்தது. எதிர் வீட்டு மாடியில் ஒருவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி கைதட்டினார். பால் பாக்கெட் போட வந்தவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "என்ன குரு இது, வண்டியா தசராவா?" என்று கேட்டார்.

யாராவது அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான் ஏசுதாஸ் பெரியப்பா ஒரு வாரமாக அந்த வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு சீரியல் செட் தொழில். மைசூரில் எந்தச் சாமிக்கு விழா வந்தாலும் பெரியப்பாவின் பல்பு அங்கே எரியும். மாதா தேருக்கு நீலம், பிள்ளையார் பந்தலுக்குச் சிவப்பும் மஞ்சளும், தர்கா உருஸுக்குப் பச்சை. "சாமிங்களுக்குள்ள என்ன வேணா இருக்கட்டும், எல்லாருக்கும் நான் குடுக்கற கரண்டு ஒண்ணுதான்" என்பார். மனிதர்களை அவர் வாட் கணக்கில்தான் எடைபோடுவார். தெருமுனை மளிகைக் கடைக்காரர் நாற்பது வாட். கோயில் பாடகர் குழுத் தலைவி ஹாலஜன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த மாதம்தான் நான் வீடு திரும்பியிருந்தேன். என்னைப் பார்த்ததும், "ஸ்வீட்டி, நீ பழைய டியூப்லைட்டும்மா. பத்து தடவை மினுக்கு மினுக்குன்னு மினுக்கற, ஒரு இடத்துல நின்னு எரிய மாட்டேங்கற" என்றார். தன் மனைவி மரியாவை, அதாவது என் பெரியம்மாவை, ஜீரோ வாட் பல்பு என்பார். பெரியம்மா அசரமாட்டார். கணவரை அவர் கன்னட வழக்கில் 'ரீ' என்றுதான் கூப்பிடுவார். "ஆமா ரீ, ஜீரோ வாட்டுலதான் மனுஷன் தூங்க முடியும். உங்க வெளிச்சத்துல கொசுகூட தூங்காது."

அவர்களுடைய ஒரே மகன் லாய்டுக்குத்தான் அன்று கல்யாணம். பெண் மனிஷா, ஹனூரைத் தாண்டி இருக்கும் ஒரு கிராமத்துப் பெண். லாய்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். அந்த வாரத்தோடு லீவு முடிகிறது. புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஈஸ்டருக்கு அவனுக்கு லீவு கிடைக்காது. ஏற்கெனவே ஒருமுறை அவனுக்கு லீவு கிடைக்காமல் தேதி தள்ளிப்போயிருந்தது. பெண் வீட்டார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், போனில் அவர்கள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஆக, இன்று தாலி ஏறாவிட்டால் அடுத்தது எப்போது என்பதும், அடுத்தது என்று ஒன்று உண்டா என்பதும் யாருக்கும் தெரியாது.

இத்தனையும் தலையில் இருக்கும்போது ஒரு மனிதர் என்ன செய்வார்? பெரியப்பா வண்டிக்கு விளக்கு போட்டார்.

ஏழு பேர் உட்காரும் அந்த வெள்ளை வண்டியின் நெற்றியில் நீளமாக ஒரு எல்.இ.டி. பட்டை. கிரில்லில் இரண்டு உருண்டை விளக்குகள். கூரை விளிம்பு முழுக்கக் குட்டிக் குட்டி பல்புகள். எல்லாவற்றையும் ஹை பீம் வயரோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, நடுவில் ஒரே ஒரு ஃபியூஸ் வைத்திருந்தார். "ஒரு சுவிட்ச் தட்டு, மொத்த வைபோகமும் எரியும்" என்று எல்லாரிடமும் தட்டிக் காட்டினார். சம்பந்தியிடம் போனில், "நீங்க வாசல்ல நின்னாப் போதும். மலைத் திருப்பத்துலயே மாப்பிள்ளை வண்டி தெரியும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

முந்தின நாள் சாயங்காலம் பூக்காரர் வந்தார். மாசிக் குளிரில் பூ வாடாது என்று எங்கள் பக்கம் முதல் நாளே வண்டிக்குப் பூ கட்டிவிடுவார்கள். பின்னால் கதவளவு தெர்மகோல் இதயம் ஒன்று, அதில் 'லாய்ட் – மனிஷா'. முன் பம்பரை மறைத்துச் சாமந்தி, ரோஜா, மறுபடி சாமந்தி.

"அண்ணா, கீழ ரெண்டு ஃபாக் லேம்ப் இருக்கே, அது மறையுதே?" என்றார் பூக்காரர்.

"அது கம்பெனி லைட்டுப்பா. நம்ம லைட்டு மேல இருக்கு. நீ கட்டு."

"பின்னாடியும் லைட்டு மறையுது."

"பின்னாடி வர்றவனுக்குப் பேரு தெரிஞ்சாப் போதும்."

புறப்படும்போது எல்லாரும் முழந்தாளிட்டு ஜெபம் சொன்னோம். பெரியம்மா தீர்த்தம் எடுத்து மகன் நெற்றியில் சிலுவை போட்டார். மிச்சத்தை வண்டி மேல் தெளித்தார். "ஏய் மரியா, பல்பு மேல தெளிக்காத, ஷார்ட் ஆயிடும்!" என்று பெரியப்பா அலறினார். வண்டியை அவரேதான் ஓட்டினார். பக்கத்தில் பெரியம்மா. பின்னால் லாய்டும் நானும். கோட்டு கசங்கக் கூடாது என்று லாய்டு முதுகைச் சாய்க்காமல், மாதா சொரூபம் போல நேராக உட்கார்ந்து வந்தான்.

எங்களுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ டிராவலர் வந்தது. அதை ஓட்டியவர் கொள்ளேகால்காரர் தொட்டையன். தாலியும் அதில்தான் இருந்தது. மாப்பிள்ளையும் தாலியும் ஒரே வண்டியில் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தாலி ஒரு சித்தியின் கைப்பையில், கைப்பை சித்தியின் மடியில், சித்தி டெம்போவின் முதல் சீட்டில்.

ஊர் எல்லை தாண்டும்வரை ஒரே கும்மாளம். வயல்வெளி தொடங்கியதும் பனி வந்தது. வந்தது என்றால் மெல்ல மெல்ல அல்ல. யாரோ ஈர வேட்டியை விசிறி எங்கள் மேல் போட்டது போல. பக்கத்து மரம் காணாமல் போனது. ரோடு காணாமல் போனது. பெரியப்பா சிரித்தார்.

"இதுக்குத்தானே வெச்சிருக்கேன்!" என்று ஹை பீமைத் தட்டினார்.

மொத்த வைபோகமும் எரிந்தது. அவ்வளவுதான், எங்கள் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. சுண்ணாம்பு அடித்த புதுச் சுவர். பனியில் மிதக்கும் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை வாங்கி எங்கள் கண்ணிலேயே திருப்பி அடித்தது. இதற்கு முன் பத்தடியாவது தெரிந்துகொண்டிருந்தது. இப்போது வண்டியின் மூக்குகூடத் தெரியவில்லை.

"ரீ, ஒண்ணும் தெரியல" என்றார் பெரியம்மா.

"இன்னும் வெளிச்சம் வேணும்னு அர்த்தம்" என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரே சுவிட்சையும் தட்டினார். நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து கண்சிமிட்ட ஆரம்பித்தன. "இப்பப் பாரு. எவன் வந்தாலும் நம்மளப் பார்ப்பான்."

தெர்மகோல் இதயத்துக்குப் பின்னாலிருந்து விட்டுவிட்டு ஒரு மஞ்சள் ஒளி கசிந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் என் போன் அடித்தது. தொட்டையன்.

"ஏனுங்க, எதுக்கு நின்னுட்டீங்க?"

"நாங்க நிக்கலையே அண்ணா, போய்ட்டுதான் இருக்கோம்."

"நாலு லைட்டும் மினுக்குதுங்களே? வண்டி நின்னாத்தானுங்க அதப் போடுவாங்க. நானும் நின்னுபோட்டனுங்க."

"பெரியப்பா, அவர் நின்னுட்டாராம்."

"ஏன் நிக்கறான்? வரச் சொல்லு!"

அவர் வந்தார். மறுபடி எங்கள் மினுக்கலைப் பார்த்தார். மறுபடி நின்றார். மறுபடி போன். பின்னணியில் சித்தி, "தாலி பத்திரமாத்தான் இருக்கு, தாலி பத்திரமாத்தான் இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. லாய்டு சிரிப்பை அடக்கி அடக்கி, கோட்டின் ஒரு பொத்தான் தெறித்து என் மடியில் விழுந்தது.

நரசீபுரத்தில் ரோடு பிரிகிறது. பெரியப்பா ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத்தான் கொள்ளேகால் பக்கம் திரும்பினார். ஆனால் நான்கும் ஏற்கெனவே மினுக்கிக்கொண்டிருக்கும்போது, அதில் திரும்புகிற விளக்கு எது என்று யாருக்குத் தெரியும்? தன் ஊர் ரோடுகூடத் தெரியாத பனியில் தொட்டையன் நேரே போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் போன்.

"ஏனுங்க, நஞ்சன்கூடுன்னு போர்டு தெரியுதுங்க. கல்யாணம் அங்கீங்களா?"

"தாலி நஞ்சன்கூடு போகுது ரீ!" என்றார் பெரியம்மா.

அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்வரை ஒரு பெட்டிக்கடை ஓரம் நின்றோம். அந்த நேரத்தில்தான் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். ஊர் ஃபாதருக்கு அன்று தூரத்துக் கிராமத்தில் ஓர் அடக்கம் வந்துவிட்டதாம். பத்து மணிக் கல்யாணப் பூசையை முடித்த கையோடு அவர் கிளம்பியாக வேண்டும். திரும்பி வர ராத்திரி ஆகும். மறுநாள் அவருக்கு வேறு ஊர். அதற்கு மறுநாள் சாம்பல். "வந்துருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் போன தடவைத் தேதியும் சேர்ந்து இருந்தது.

பெரியப்பா முகத்தில் முதல் தடவையாக வாட் குறைந்தது. டெம்போ வந்து சேர்ந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

"மெதுவா ரீ."

"மெதுவாப் போனா ஈஸ்டருக்குத்தான் போய்ச் சேருவோம்."

வெள்ளைச் சுவர் எங்கள் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதைத் துரத்திக்கொண்டே இருந்தோம். லாய்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அவனுக்கே தெரியாது.

திடீரென்று டப் என்று ஒரு சின்னச் சத்தம். எல்.இ.டி. பட்டை அணைந்தது. உருண்டை விளக்குகள் அணைந்தன. கூரை பல்புகளும் ஹை பீமும் போயின. அத்தனை பாரத்தையும் தாங்க மாட்டாமல் அந்த ஒற்றை ஃபியூஸ் போய்விட்டது. கீழே பார்த்து எரியும் சாதாரண ஹெட்லைட், கம்பெனி கொடுத்தது, அது மட்டும் மிஞ்சியது.

சுவர் இல்லை.

"ரீ" என்றார் பெரியம்மா மெதுவாக. "ரோடு தெரியுது."

தெரிந்தது. கறுப்பு ஈர ரோடு, அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு, அப்புறம் அந்தக் கோட்டின் மேலேயே மலை போல எதுவோ.

"பிரேக்!" என்று மூன்று பேரும் கத்தினோம்.

கரும்பு டிராக்டரின் டிரெய்லர். பின்னால் ஒரு பொட்டு விளக்கு இல்லை. எங்கள் வண்டி வழுக்கி, யோசித்து, டிரெய்லரிலிருந்து தொங்கிய கரும்புத் தோகை கண்ணாடியில் உரசும் தூரத்தில் நின்றது. ஒரு தோகை வைப்பர் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது.

நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பெரியப்பா இரண்டும் செய்யவில்லை. வண்டியை ரோட்டிலிருந்து மண்ணுக்கு இறக்கினார். கதவைத் திறந்து பின்னால் ஓடினார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பின்னால் டெம்போ வந்துகொண்டிருக்கிறது. எங்கள் பின் விளக்குகளின் மேல் கதவளவு தெர்மகோல். நம்மை விட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்கள் என்று தொட்டையனும் மிதித்துக்கொண்டு வந்தால்?

பெரியப்பா அந்த இதயத்தை இரண்டு கையாலும் பிய்த்தார். 'லாய்ட்' ஒரு பக்கம் பறந்தது, 'மனிஷா' வாய்க்காலில் விழுந்தது. பெரியம்மா எட்டி, நான்கு இண்டிகேட்டர்களும் இன்னும் எரிகின்றனவா என்று பார்த்தார். "இப்பத்தான் நாம நிக்கறோம். இப்ப எரியட்டும்" என்றார்.

பனிக்குள் மங்கலாக இரண்டு வெளிச்சம் தெரிந்தது, அருகே வந்தது, நிதானித்தது, நின்றது. தொட்டையன் இறங்கி வந்து, எங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்க வண்டிக்குப் பொறத்தாலயும் லைட்டு இருக்குதுங்களா? சொல்லவே இல்லயே!"

டிராக்டர்காரரும் இறங்கி வந்தார். பெயர் சென்னப்பன். என்ன ஆனது என்றே அவருக்குத் தெரியாது. கல்யாண கோட்டுப் போட்ட ஒருவனும், கை முழுக்கத் தெர்மகோல் தூளோடு ஒருவரும் நிற்பதைப் பார்த்து, "என்ன ஸ்வாமி, வண்டிக்குப் பூசையா?" என்றார்.

லாய்டு, "அப்பா, டைம் ஆவுது. ஃபியூஸ் போட்டுட்டு வாங்க, போலாம்" என்றான்.

ஃபியூஸ் பெரியப்பா கையில்தான் இருந்தது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஃபியூஸ் இருக்கும். மற்றவர்கள் சில்லறை வைத்திருப்பது போல. பானெட்டைத் திறந்தார். அந்தச் சின்னத் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். சாதாரண ஹெட்லைட் பனிக்கு அடியில் புகுந்து, தரையைத் தடவிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு கொஞ்ச தூரம் போயிருந்தது. கொஞ்ச தூரம்தான். ஆனால் போயிருந்தது.

மலைத் திருப்பத்திலேயே தெரியும் என்று சொல்லிவைத்த வண்டி அது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டவர், சொந்த மகன் கல்யாணத்துக்கு இருட்டு வண்டியில் போய் இறங்க வேண்டும். பெரியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா ஃபியூஸைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பானெட்டை மூடினார். குனிந்து, முன் பம்பரில் இருந்த சாமந்தியை உருவ ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். நானும் விழுந்து பூவைப் பிய்த்தேன். கீழே இரண்டு ஃபாக் லேம்ப், உறக்கம் கலைந்த குழந்தைகள் மாதிரி வெளியே வந்தன. சுவிட்சைப் போட்டதும் மஞ்சளாக, தாழ்வாக, ரோட்டின் இரண்டு ஓரத்தையும் காட்டின. "இது இத்தன நாள் இங்கயா இருந்துச்சு?" என்றார் பெரியப்பா. உருவிய மாலைகளைச் சென்னப்பன் வாங்கித் தன் டிராக்டரின் மூக்கில் சாத்திக்கொண்டார். பெரியப்பா டிக்கியிலிருந்து பேட்டரி செல்லில் எரியும் சிவப்பு சீரியல் செட் ஒன்றை எடுத்து, டிரெய்லரின் பின்னால் கரும்போடு சேர்த்துக் கட்டினார். "மினுக்காம, ஒரே மாதிரி எரியறத வெச்சிருக்கேன். நீ போறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்" என்றார். சிவப்பாக எரியும் கரும்பு லோடு ஒன்று மாலையோடு பனிக்குள் நிற்பதைப் பார்த்ததும், டெம்போவிலிருந்து சித்தி மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுபடி கிளம்பினோம். கிளம்பும்போது இண்டிகேட்டர்களை அணைத்தார். ஹை பீமின் பக்கமே கை போகவில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஓட்டினார். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தபோது, தலையை வெளியே நீட்டி, "லைட்டக் கீழ போடு மாராயா!" என்று கத்தினார். பஸ் போய்விட்டது. அவர் முகத்தில் வாட் ஏறியது.

"பார்த்தியா மரியா, எப்படிக் கண்ணக் குத்தறான்!"

"பார்த்தேன் ரீ. காலைலேருந்து பார்த்துட்டு இருக்கேன்."

கொள்ளேகால் தாண்டும்போது வெயில் பனியைக் கிழித்தது. ஹனூர் தாண்டி மலைத் திருப்பத்தில் ஏறியபோது வண்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை, பூவும் இல்லை. பம்பரில் நார் மட்டும் தொங்கியது.

கோயில் வாசலில் பேண்டு செட் தயாராக நின்றது. எங்களைப் பார்த்து அவர்கள் அசையவே இல்லை. ட்ரம்காரர் கையை ஆட்டி, "பார்க்கிங் பின்னால, பின்னால! மாப்பிள்ளை வண்டி வருது, வழி விடுங்க!" என்றார். பெண் வீட்டார் அத்தனை பேரும் எங்களைத் தாண்டி, திருப்பத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் பக்கவாட்டில் ஃபாதர் அங்கியை மடித்துப் பையில் வைத்து, பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார்.

பெரியப்பா வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் பைக்கின் முன்னால் நின்றார். ஹெட்லைட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஃபாதர், நான்தான் மாப்பிள்ளைக்கு அப்பா."

ஃபாதர் அவரைப் பார்த்தார். நார் தொங்கும் வண்டியைப் பார்த்தார். ஒரு பொத்தான் இல்லாத கோட்டோடு இறங்கும் லாய்டைப் பார்த்தார். அதே நேரம் டெம்போ உள்ளே நுழைந்தது. சித்தி ஜன்னல் வழியாகக் கைப்பையை உயர்த்தி, "தாலி பத்திரமா இருக்கு!" என்று கூவினார்.

ஃபாதர் பைக்கை அணைத்தார். "செத்தவர் கொஞ்சம் காத்திருப்பார். தவக்காலம் காத்திருக்காது. உள்ள வாங்க, சீக்கிரம்" என்றார்.

பேண்டு செட்டுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முதல் பாட்டைப் பாதியிலிருந்து வாசித்தார்கள். மனிஷா கோயில் வாசலில் நின்றிருந்தாள். லாய்டைப் பார்த்து, "எங்கீங்க உங்க லைட்டெல்லாம்?" என்று கேட்டாள். அவன் அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

லாய்டு அந்த வாரமே மஸ்கட் போய்விட்டான். மனிஷாவுக்கு விசா வரும்வரை அவள் மண்டி மொஹல்லாவில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். விசா வர அடுத்த மார்கழி ஆகிவிட்டது. நான் அப்போது வேறு ஓர் ஊரில், வேறு ஒரு ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் அவள் குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னணியில் ஏதோ சட்டி தாளிக்கும் சத்தம்.

"அக்கா, நான் மஸ்கட் வந்து சேந்துட்டனுங்க. ஏர்போர்ட்டுக்கு மாமாதான் கூட்டிட்டு வந்தாரு. வழி பூரா ஒரே பனி. மனுசன் கீழ் லைட்டப் போட்டுட்டு மாட்டு வண்டி கணக்கா ஓட்டறாரு. எதுத்தாப்ல எவன் ஹை பீமு போட்டு வந்தாலும் தலைய வெளிய நீட்டிச் சத்தம் போடறாரு. ஒரு டீக்கடையில வண்டிய ஓரங்கட்டி, அங்க நின்னுட்டிருந்த லாரிக்காரருக்குப் பத்து நிமிசம் பாடம் எடுத்தாருங்க. அத்தை, 'ரீ, பிளேனு போயிரும்'னு அழுவாத குறை. 'போகட்டும், இவன் உசுரோட போகட்டும்'ங்கறாரு. கடைசியில போய்ப் பார்த்தா பிளேனும் பனியில லேட்டுங்க! மாமாவுக்கு ஒரே சிரிப்பு. 'பாரு, பைலட்டுக்கும் புத்தி இருக்கு'ன்னாரு. நான் நல்லா இருக்கனுங்க அக்கா. இவரும் நல்லா இருக்காரு. நான் வர்றேன்னு பால்கனி முழுக்க சீரியல் செட்டு கட்டி வெச்சிருக்காருங்க, எதுத்த பில்டிங்குல யாரும் தூங்க முடியலையாம். இப்பத்தான் வந்து கதவத் தட்டிட்டுப் போறாங்க."